சூரியனுக்கு ஒட்சிசன் தேவையில்லை. பிள்ளைகளின் வாயை அடைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

இரண்டு கிழமையாக எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பயமுறுத்துகிற ஒரு பின்னணிச் சத்தம், செக்கச் சிவந்த ஒரு சூரியன், அதற்கு மேலே ஒரு கட்டைக் குரல். நெருப்பு எரிய ஒட்சிசன் வேண்டும், விண்வெளியில் ஒட்சிசன் இல்லை, அப்படியானால் சூரியன் எப்படி எரிகிறது, உலக விஞ்ஞானிகள் பதில் தெரியாமல் திகைத்து நிற்கிறார்கள், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். இவ்வளவுதான் சங்கதி. எங்கள் சைவ நண்பர்களின் குழுவிலும் இதே வீடியோ வந்திருக்கிறது. கடைசியில் வரும் படம் மட்டும் வேறு.

சும்மா விட்டிருப்போம். இதைவிட மோசமானவை எத்தனையோ வந்து போய்விட்டன. ஆனால் ஒரு வாப்பா இதை எங்களுக்கு அனுப்பி, "இதுக்கே பதில் இல்லையாம், நீங்க என்னத்தைப் படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டிருந்தார். அதே கிழமையில்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரு வகுப்பில் தரம் 8 பிள்ளை எழும்பி, "சேர், சந்திரனுக்குப் போற ஆக்களே ஒட்சிசன் கட்டிக்கொண்டுதானே போறாங்க. அப்ப சூரியன் என்னத்தில எரியுது?" என்று கேட்டிருக்கிறது. கிடைத்த பதில்: "பாடத்தில இல்லாததைக் கேட்காத, இரு." வகுப்பு சிரித்திருக்கிறது. பிள்ளை இருந்துவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி ஒன்றுதான். பிள்ளை அறிய வேண்டும் என்று கேட்டது. வீடியோக்காரன் இனி யாரும் அறிய முயலக்கூடாது என்று கேட்டான். நாங்கள் பிள்ளையை இருத்திவிட்டு வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். எங்கள் சண்டை இதோடுதான்.

பதில் இல்லை என்பது பச்சைப் பொய். பதில் இருக்கிறது, நூறு வருசமாக இருக்கிறது, தரம் 8 பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவுக்கு எளிமையாகவும் இருக்கிறது. சொல்லிக் காட்டுகிறோம்.

முதலில் எரிதல் என்றால் என்ன என்று பார்ப்போம். அடுப்பில் கொக்கறையும் பன்னாடையும் வைத்து மூட்டுகிறோம். அதில் இருக்கும் காபனும் ஐதரசனும் காற்றில் இருக்கும் ஒட்சிசனோடு சேர்கின்றன. சேரும்போது சக்தி வெளிவருகிறது, அதுதான் சூடும் சுவாலையும். புத்தகத்தில் இதற்குப் பெயர் தகனம். படகு எஞ்சினும் இதே வேலைதான் செய்கிறது. ஒரு கிலோ டீசல் சரியாக எரிய 14 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். எயார் ஃபில்டர் அடைபட்டால் எஞ்சின் கறுப்புப் புகை தள்ளி இழுவை இல்லாமல் நிற்பதை எங்கள் கடற்தொழிலாளிகளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆக, தகனத்துக்கு ஒட்சிசன் வேண்டும் என்று வீடியோக்காரன் சொன்னது சரி. அந்த ஒரு வரி மட்டும் சரி.

பிழை அடுத்த வரியில் வருகிறது. ஒளிர்வதெல்லாம் எரிவது என்று அவன் நினைத்துக்கொண்டான். பழைய குண்டு மின்குமிழை எடுத்துப் பாருங்கள். உள்ளே காற்றை எடுத்துவிட்டு ஆகன் போன்ற, எதோடும் சேராத வாயுவை அடைத்திருப்பார்கள். அங்கே ஒட்சிசனே கிடையாது, இழை ஆயிரக்கணக்கான பாகைச் சூட்டில் வெள்ளையாக ஒளிர்கிறது. கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று உள்ளே போனால் என்ன நடக்கும்? அப்போதுதான் இழை உண்மையிலேயே எரியும். எரிந்து அறுந்துவிடும், வெளிச்சம் போய்விடும். ஒட்சிசன் வந்ததால் ஒளி போன கதை அது. இரும்பு வெல்டிங் செய்யும் இடத்துக்குப் போங்கள். குச்சிக்கு மேலே பூசியிருக்கும் பூச்சு உருகி ஒரு புகைத்திரையை உண்டாக்குகிறது. உருகிய இரும்பைக் காற்றின் ஒட்சிசன் அண்டாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. கண்ணைப் பறிக்கும் அந்த வெளிச்சம் மின்சாரம் தந்த சூட்டால் வருவது.

எந்தப் பொருளையும் போதுமான அளவு சூடாக்கினால் அது ஒளிரும். இந்த ஒரு வசனம் போதும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது, அதனால் ஒளிர்கிறது. இனி மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியில் விஞ்ஞானிகள் திகைத்து நின்ற காலம் ஒன்று இருந்தது, உண்மை. அந்த வீடியோ 19ஆம் நூற்றாண்டில் வந்திருந்தால் நாங்கள் மரியாதை கொடுத்திருப்போம்.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சூரியன் ஒரு பெரிய நிலக்கரிக் குவியல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இன்றைய எண்களை வைத்து நாங்களும் போடலாம். சூரியனின் திணிவு கிலோவில் 2 போட்டுப் பின்னால் 30 பூச்சியம். ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் வருவது சுமார் 3 கோடி யூல். சூரியன் ஒரு செக்கனுக்கு வெளிவிடும் சக்தி 38 போட்டுப் பின்னால் 25 பூச்சியம் யூல். பெருக்கிப் பிரித்தால் வருவது ஏறத்தாழ 5,000 வருசம். இதில் ஒட்சிசனை யாரோ வெளியிலிருந்து இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பதாக வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஒட்சிசனின் நிறையையும் அந்தக் குவியலுக்குள்ளேயே சேர்த்தால் 1,500 வருசம்கூடத் தாங்காது. ஓ.எல் படிக்கும் பிள்ளை இதைப் பேப்பரில் செய்து பார்க்கலாம், செய்து பார்க்கச் சொல்லுங்கள். கற்பாறைகளோ பூமி அதைவிடப் பன்மடங்கு பழையது என்று சொல்லிக்கொண்டிருந்தன. அதனால் "சூரியன் எரிகிறது" என்ற எண்ணத்தையே அவர்கள் தூக்கிப் போட்டார்கள். வீடியோக்காரன் இன்று கண்டுபிடித்தது போலச் சொல்வதை அவர்கள் எப்போதோ கண்டு, கணக்குப் போட்டு, கடந்து போய்விட்டார்கள்.

பிறகு கெல்வின் பிரபு என்ற பெரிய மனிதர் வந்தார். சூரியன் தன் ஈர்ப்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்தில் சூடு பிறக்கிறது என்றார். அதில் கோடிக் கணக்கில் வருசம் கிடைத்தது. ஆனாலும் போதவில்லை. பூமியின் வயது அதற்கும் மேல்.

துப்பு ஒன்று எங்கள் பக்கத்திலிருந்தே கிடைத்தது, இது பலருக்குத் தெரியாது. 1868 ஓகஸ்ட் 18 அன்று பூரண சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் அதைப் பார்க்க வந்தது அந்நாள் சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு. சென்னை வானாய்வகத்தின் பொக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார். சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. இங்கிலாந்தில் லொக்கியர் அந்தக் கோட்டைத் தொடர்ந்து ஆராய்ந்து, பூமியில் அறியப்படாத ஒரு மூலகம் இது என்று சொன்னார். சூரியனின் கிரேக்கப் பெயரான ஈலியோசிலிருந்து ஈலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அது 1895இல்தான் அகப்பட்டது. இன்று கலியாண வீட்டுப் பலூனுக்குள் அடைக்கிறோமே, அதே ஈலியம்தான். சூரியனின் அடுப்பில் விழும் சாம்பல் என்று அதைச் சொல்லலாம். சாம்பலைத்தான் முதலில் கண்டார்கள், விறகு எது என்று பிறகுதான் தெரிந்தது.

விறகைக் கண்டுபிடித்த கதையை எங்கள் உம்மாமார் கட்டாயம் வாசிக்க வேண்டும். மேகநாத சாகா என்ற வங்காளத்து விஞ்ஞானி 1920இல் ஒரு சமன்பாட்டை எழுதினார். நட்சத்திர ஒளியில் தெரியும் கோடுகளை வைத்து அங்கே எந்தச் சூட்டில் எது எந்த நிலையில் இருக்கும் என்று கணிக்க அது உதவியது. அதை எடுத்து வேலை செய்தவர் சிசிலியா பெய்ன். அப்போது வயது இருபத்தைந்து. நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐதரசன்தான் என்று 1925இல் அவர் தன் ஆய்வில் கண்டார். அந்தக் காலத்துப் பெரிய வானியலாளர் ரசல் இது நடக்காத காரியம் என்றார். பெய்ன் தன் முடிவைத் தன் கையாலேயே, இது உண்மையாக இருக்காது என்ற தொனியில் அடக்கி எழுத வேண்டி வந்தது. நாலு வருசத்தில் அதே ரசல் வேறு வழியில் போய் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். "இரு, பேசாத" என்று சொல்லப்பட்ட ஒரு பெண் பிள்ளையிடம்தான் அன்றைக்குச் சரியான விடை இருந்தது.

1920இலேயே எடிங்டன் வழி காட்டியிருந்தார். நாலு ஐதரசன் அணுவைத் தனித்தனியாக நிறுத்தால் வரும் நிறை, ஒரு ஈலியம் அணுவின் நிறையைவிடச் சற்றுக் கூடுதல். சேர்ந்தால் கொஞ்சம் காணாமல் போகிறது. காணாமல் போனது எங்கே? ஐன்ஸ்டைன் சொன்னபடி சக்தியாகிவிட்டது. 1938, 1939இல் ஹான்ஸ் பெத்தே இது எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று எழுதினார், அதற்காக 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. (இதே எடிங்டன் 1935இல் எங்கள் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகரைச் சபை நடுவே கேலி செய்தவர். அந்த விசயத்தில் சந்திரசேகர்தான் சரி, அவருக்கும் 1983இல் நோபல் வந்தது. பெரியவர்கள் எல்லாவற்றிலும் சரியாக இருக்கமாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.)

இனி பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில். சூரியனின் நடுப்பகுதியில் வெப்பநிலை ஒன்றரைக் கோடி பாகை. மேலே இருக்கும் அத்தனை பாரமும் உள்நோக்கி அமுக்குவதால் அங்கே வாயுவே ஈயத்தைவிடப் பதின்மூன்று மடங்கு அடர்த்தி. அந்தச் சூட்டில் ஐதரசனின் கருக்கள், அதாவது புரோத்தன்கள், வெறிபிடித்த வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் நேர்மின், காந்தத்தின் ஒத்த முனைகள் போல ஒன்றையொன்று தள்ளும். பெரும்பாலும் விலகிப் போய்விடும். எப்போதாவது ஒரு சோடி தள்ளலையும் மீறி ஒட்டிக்கொள்ளும். படிப்படியாக நாலு புரோத்தன்கள் சேர்ந்து ஒரு ஈலியக் கரு ஆகிறது. இதுதான் கரு இணைவு. இங்கே ஒட்சிசனுக்கு வேலையே இல்லை. அடுப்பில் அணுக்கள் கைகோர்க்கின்றன, அணுவின் வெளிப்புறத்து இலத்திரன்களோடு முடிந்துவிடும் சமாச்சாரம் அது. சூரியனில் அணுவின் கருவே இன்னொன்றாக மாறுகிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

அளவைப் பாருங்கள். ஒரு கிலோ ஐதரசன் இணைந்தால் 993 கிராம் ஈலியம். மீதி 7 கிராம் சக்தி. அந்த 7 கிராம் ஏறத்தாழ 17 கோடி 50 இலட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம், இலங்கை முழுவதும் மூன்று நாலு நாள் பாவிக்கிற அளவு. சூரியனில் ஒவ்வொரு செக்கனும் 60 கோடி தொன் ஐதரசன் இப்படி மாறுகிறது, அதில் 40 இலட்சம் தொன் சக்தியாகிப் போகிறது. கேட்டுப் பயப்பட வேண்டாம். சூரியனின் பருமனுக்கு அது தூசு. ஏறத்தாழ 460 கோடி வருசமாக நடக்கிறது, இன்னும் 500 கோடி வருசத்துக்கு இருப்பு இருக்கிறது.

"அப்படியானால் ஐதரசன் குண்டு மாதிரி ஒரே அடியாய் வெடிக்காதா?" இதையும் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். வெடிக்காததற்குக் காரணம் இந்த வேலை மகா மந்தம். ஒரு புரோத்தன் தனக்குச் சோடி கிடைக்கச் சராசரியாகக் கோடானு கோடி வருசம் காத்திருக்கிறது. சூரியனின் நட்ட நடுவில் ஒரு கன மீற்றரை எடுத்தால் அதில் பிறக்கும் வெப்பம் 300 வாற்றுக்கும் குறைவு. தோட்டத்து மூலையில் குப்பையும் சாணமும் போட்டு மூடிவைத்த எருக்குவியலுக்குள் கையை விட்டால் சுடுமே, கிட்டத்தட்ட அந்த அளவு. எங்கள் உடம்பே அதே கன அளவுக்குக் கணக்குப் பார்த்தால் சூரியனின் மையத்தைவிடக் கூடுதல் சூடு தருகிறது. ஆனால் சூரியன் மலைக்கவைக்கும் அளவுக்குப் பெரிய எருக்குவியல். அதனால்தான் இவ்வளவு வெளிச்சம். இன்னொன்று, இணைவு கொஞ்சம் கூடினால் மையம் விரிந்து ஆறும், இணைவு குறையும். குறைந்தால் ஈர்ப்பு அமுக்கும், சூடு ஏறும், இணைவு கூடும். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பு.

இப்போது வீடியோக்காரனுக்கு ஒரு அதிர்ச்சி. சூரியனில் ஒட்சிசன் இல்லை என்பதும் பிழை. ஐதரசனுக்கும் ஈலியத்துக்கும் அடுத்தபடியாக அங்கே கூடுதலாக இருக்கும் மூலகமே ஒட்சிசன்தான். திணிவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது, ஆனாலும் அது ஏறத்தாழ இரண்டாயிரம் பூமிகளின் நிறை! இவ்வளவு ஒட்சிசன் இருந்தும் அங்கே எதுவும் எரிவதில்லை. ஏனென்றால் உள்ளே இருக்கும் சூட்டில் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிய்ந்து போய்விடுகின்றன. தண்ணீரோ காபனீரொட்சைட்டோ ஒரு மூலக்கூறாய் ஒட்டி நிற்கவே முடியாது. எரிவதற்கு சூரியனின் உள்பகுதி அளவுக்கு மிஞ்சிய சூடு.

"காற்றே இல்லாத வெளியில் சூடு எப்படி இங்கே வந்து சேருகிறது?" என்று ஒரு மாமி கேட்டார். நல்ல கேள்வி. சூடு அப்படியே மிதந்து வருவதில்லை. ஒளியாகவும் கண்ணுக்குத் தெரியாத கதிராகவும் வருகிறது, அதற்கு நடுவில் காற்றுத் தேவையில்லை. 15 கோடி கிலோமீற்றரை 8 நிமிடம் 20 செக்கனில் கடந்து வந்து எங்கள் தோலில் பட்டதும் சூடாகிறது. கடலில் நிற்கும்போது ஒரு முகில் சூரியனை மறைத்த அந்தக் கணமே முதுகு குளிர்வதை நினைத்துப் பாருங்கள். காற்றின் சூடு அவ்வளவு சீக்கிரம் மாறாது; மறிக்கப்பட்டது கதிர்.

"சரி, உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இணைவு நடக்கும்போது நியூத்திரினோ என்ற மிக நுண்ணிய துணிக்கைகள் பிறக்கின்றன. அவை எதிலும் முட்டாமல் சூரியனைத் துளைத்து நேரே வெளியே வருகின்றன. இதை வாசிக்கும் உங்கள் கட்டைவிரல் நகத்தினூடாகச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கோடி போய்க்கொண்டிருக்கின்றன, இரவிலும், பூமியைத் துளைத்துக்கொண்டு. அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில் பெரிய தொட்டி நிறையத் திரவம் வைத்து ரேமண்ட் டேவிஸ் என்பவர் 1960களின் கடைசியிலிருந்து இவற்றைப் பிடித்தார். கிடைத்தது எதிர்பார்த்ததில் மூன்றிலொன்றுதான். அதை அவர் மறைக்கவில்லை. முப்பது வருசம் அந்தக் குறையை எல்லோருக்கும் முன்னால் வைத்துக்கொண்டு அவதிப்பட்டார்கள். கடைசியில் 2001, 2002இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் காட்டியது: நியூத்திரினோக்கள் வரும் வழியில் வகை மாறுகின்றன, எல்லா வகையையும் கூட்டினால் கணக்குச் சரி. சூரியனின் வயிற்றுக்குள் இணைவு நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டுமா?

இனி மார்க்கத்தின் பெயரால் இந்த வீடியோவை அனுப்பும் சகோதரர்களுக்கு. மரியாதையோடுதான் சொல்கிறோம், கோபத்தோடும் சொல்கிறோம். விஞ்ஞானிக்குத் தெரியாத இடத்தில்தான் அல்லாஹ்வின் வல்லமை தெரிகிறது என்றால், அவனுக்குத் தெரிந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? விடை கிடைத்த நாளில் உங்கள் பிள்ளையின் ஈமானை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? நாலு புரோத்தன்களைச் சேர்த்து 460 கோடி வருசமாக ஒரே சீராக ஒளிதரும் ஏற்பாட்டைப் படித்தறிந்து சொல்லும் சுப்ஹானல்லாஹ்வுக்கு இருக்கும் கனம், பொய் வீடியோவுக்குச் சொல்லும் சுப்ஹானல்லாஹ்வுக்கு இருக்காது. குர்ஆன் சூரியனை விளக்கு என்று சொல்கிறதே, விளக்கு எரியத்தானே செய்யும் என்று ஒருவர் வாதாடினார். விளக்கு என்பது அதன் வெளிச்சத்தைப் பெறுகிற எங்களுக்கான பேச்சு. அதில் எண்ணெயும் திரியும் தேடுவது வசனத்துக்கும் நியாயமில்லை. கரு இணைவுச் சமன்பாட்டை அதற்குள் தேடி எடுத்துக் காட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக வபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் மரணத்துக்காகத்தான் கிரகணம் வந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தன் புகழுக்குச் சாதகமான பேச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தவர், பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் எழுந்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்ற கருத்தில் மக்களைத் திருத்தினார். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது, தெரியாதவர்கள் மௌலவிமாரிடம் கேளுங்கள். சூரியனைப் பற்றிய ஒரு பொய், தனக்கு நல்லதாக இருந்தபோதும் அவர் அதை ஓடவிடவில்லை. நீங்கள் பத்துப் பேருக்கு அனுப்புகிறீர்கள்.

2019 டிசம்பர் 26 காலை யாழ்ப்பாணத்தில் வளைய கிரகணம் நன்றாகத் தெரிந்தது. 2010 ஜனவரி 15 அன்றும் தெரிந்தது. உலகத்தின் எங்கெங்கோ இருந்து அதைப் பார்க்க ஆட்கள் பயணம் போவார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகள் கதவையும் யன்னலையும் பூட்டிப் பிள்ளைகளை உள்ளே அடைத்து வைத்தன என்று நினைத்துப் பாருங்கள். வெறுங் கண்ணால் பார்க்கக்கூடாது என்பது சரி, கண் போய்விடும். ஒரு மட்டையில் ஊசித் துளை போட்டு நிலத்தில் விழும் பிறையைக் காட்ட எவ்வளவு செலவு?

பாடத்தில் இல்லை என்று சொல்லும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. கலாசாலையில் எங்களுக்கு முதல் வருசத்திலேயே சொல்லித்தந்தது, பிள்ளை பாடத்துக்கு முன்னமே மனதில் என்ன வைத்திருக்கிறது என்று கண்டுபிடி என்பது. "சூரியன் எரியும் வாயுக் கோளம்" என்று டியூசன் குறிப்பில் எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் "தகனத்துக்கு ஒட்சிசன் அவசியம்" என்றும் எழுதிக்கொடுக்கிறீர்கள். இரண்டையும் பாடமாக்கிய நாற்பது பிள்ளைகளில் ஒன்றுதான் இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று கண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையைத்தான் இருத்தினீர்கள். எங்கள் தலைமுறை 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் படித்தவர்கள். அங்கே ஆய்வுகூடம் இல்லை, அரைவாசிப் பேருக்குப் புத்தகமும் இல்லை. இருந்த ஒரே உபகரணம் வாய்.

இது வெறும் புத்தகச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கடலுக்குள்ளேயே நடக்கும் ஒரு விசயத்தைச் சொல்கிறோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இவ்வளவு காலமும் மின்சாரம் வந்தது டீசல் ஜெனரேற்றரில், அதாவது ஒட்சிசனோடு எரித்து. 2021இல் சூரியசக்தி, காற்று, மின்கலம் சேர்ந்த திட்டம் முதலில் சீன நிறுவனத்துக்குப் போனது, இந்தியா முகம் சுளித்தது, வேலை நின்றது. பிறகு இந்திய அரசின் 1 கோடி 10 இலட்சம் டொலர் மானியத்தில் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது: சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, 2,400 கிலோவாற்று மணி மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல். இரண்டு பெரிய நாடுகள் எங்கள் மூன்று சின்னத் தீவுகளின் வெயிலுக்காக இழுபறிப்பட்டதை நாங்கள் பத்திரிகையில் வாசித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பலகைகளை யார் பார்க்கப் போகிறார்கள்? உப்புக் காற்றில் எந்த இணைப்பு துருப்பிடிக்கிறது, நல்ல வெயில் நாளில்கூட பலகை சூடேறினால் ஏன் மின்சாரம் குறைகிறது (பலகைக்கு வேண்டியது ஒளி, சூடு அதற்கு எதிரி), மின்கலம் ஏன் உழைக்கவில்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்? கொழும்பிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் வரும்வரை குறிகட்டுவானில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறோமா? வேலை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று கூட்டத்தில் சத்தம் போடுகிறோம். சத்தம் போடத்தான் வேண்டும். ஆனால் சூரியன் என்னத்தில் எரிகிறது என்று கேட்ட பிள்ளையை இருத்திவிட்டு அந்தச் சத்தத்தைப் போடக்கூடாது. தீவிலிருந்து உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஒரு பிள்ளை போவது இன்றைக்கும் எவ்வளவு பெரிய பாடு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பஸ், படகு, தங்குமிடம், டியூசன் காசு. அத்தனை தடையையும் தாண்டத் தேவையான அந்த ஒரு ஆசையை நாங்களே தரம் 8இல் நசுக்கினால் மிச்சத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பின்னூட்டத்தில் குரல் பதிவு வேண்டாம், எழுதுங்கள். பிழை இருந்தால் எந்த வரியில் என்று சொல்லுங்கள், பேசலாம்.

வருகிற சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வாசிகசாலை முன்றலில் பிள்ளைகளோடு கூடுகிறோம், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். ஒரு மெழுகுதிரி, ஒரு ஜாம் போத்தல், ஒரு பழைய குண்டு மின்குமிழ், ஊசித் துளை போட்ட மட்டை, இவ்வளவுதான் சாமான். போத்தலால் மூடினால் திரி ஏன் அணைகிறது, மூடியே இருக்கும் குமிழ் ஏன் அணையவில்லை என்று பிள்ளைகளே சொல்லட்டும். அந்தத் தரம் 8 பிள்ளைக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். வீடியோ அனுப்பிய வாப்பாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வரட்டும். முகில் மூடினால் ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம்.